எத்தனை கிலோ?

(நெடும்பயணத்துக்கு ஏற்ற ஃபோர் வீல் வண்டியைத் தேர்ந்தெடுப்பது குறித்து, தேனியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரிக்கும் செங்கல் ஏற்றிய டிராக்டருக்கும் எடை மேடையில் கொடுக்கிறார்களே, அதே சீட்டுதான். வண்டி எண் இருக்கிறது, மொத்த எடை இருக்கிறது, 'சரக்கு' என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று எடை மேடைத் தம்பிக்குப் புரியவில்லை. கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். கூடாரம், அடுப்பு, அரிசிப் பை, மடக்கு நாற்காலி, தண்ணீர் கேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'வீட்டுச் சாமான்' என்று தட்டினார். நாங்கள் வீடு மாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் லடாக் போய்விட்டு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தோம்.

என் வண்டிக்கு ஆர்.சி.யில் அனுமதித்த மொத்த எடையைவிட இந்தச் சீட்டில் 180 கிலோ கூடுதல். தொழிலால் நான் கணக்குத் தணிக்கையாளன். அடுத்தவர் பேரேட்டில் 18 ரூபாய் உதைத்தால்கூட அன்றிரவு தூங்கமாட்டேன். என் வண்டியில் 180 கிலோ உதைத்ததை நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே போய்த் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்தப் பயணத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்களும் தூரமாகப் போகலாம் என்று இருக்கிறோம், எந்த ஃபோர் வீல் வண்டி வாங்கலாம்?" குதிரைத்திறன் எவ்வளவு, தரையிலிருந்து எத்தனை அங்குலம், தண்ணீரில் எவ்வளவு ஆழம் போகும் என்றெல்லாம் கையில் குறித்து வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை கிலோ கொண்டுபோகிறீர்கள்? இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். பாதை என்பதே மரியாதைச் சொல். கல்லும் குழியுமாக ஏறும் அந்த வழியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போவது ஜீப்புகள். பார்க்க ஒன்றும் இருக்காது. குளிர்சாதனம் இல்லை, திரை இல்லை, சீட்டு கிழிந்திருக்கும். ஆனால் தினமும் விடிவதற்கு முன் ஏறுகின்றன, இறங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து, "அந்த ஜீப் எங்கேயும் போகும் சார்" என்பார்கள். அந்த வண்டி ஒன்றிரண்டு மணி நேரம் போகிறது, ஆளை மட்டும் ஏற்றிப் போகிறது, கீழே வந்தால் அதன் மெக்கானிக் காத்திருக்கிறார். நெடும்பயண வண்டிக்கு இந்த மூன்றுமே கிடையாது. அது நாள் கணக்கில் ஓடவேண்டும், குடித்தனத்தையே சுமக்கவேண்டும், கோளாறானால் முன்பின் தெரியாத ஊரில் நிற்கவேண்டும். மேடு ஏறுவது வேறு தொழில், நெடுந்தூரம் போவது வேறு தொழில்.

ஃபோர் வீல் வண்டியின் பிறப்பே ஓர் எடைத் தகராறு என்பது பலருக்குத் தெரியாது. 1940இல் அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு வண்டி கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்கவேண்டும், 600 பவுண்டு, அதாவது 272 கிலோ சுமக்கவேண்டும், வண்டியின் எடை மட்டும் 1,300 பவுண்டைத் தாண்டக்கூடாது. அதாவது 590 கிலோ. யாராலும் முடியாத காரியம். முதல் மாதிரியைச் செய்துகொடுத்த பேண்டம் கம்பெனியின் வண்டியும் அதைத் தாண்டியது. வில்லிஸ் கம்பெனியின் வண்டி எல்லாவற்றையும்விட வலுவான எஞ்சினோடு வந்தது. ஆனால் கனம் அதிகம். ராணுவம் வரம்பை 2,160 பவுண்டுக்கு உயர்த்தியும் அது உள்ளே அடங்கவில்லை. வில்லிஸின் பொறியாளர் பார்னி ரூஸ், எஞ்சினைச் சின்னதாக்க மறுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் கை வைத்தார். நீளமாக இருந்த போல்ட்டுகளை வெட்டினார்கள். பூசும் வண்ணத்தின் எடையைக்கூடக் கணக்கில் எடுத்தார்கள். அப்படிக் கிராம் கிராமாக இளைத்து வந்த வண்டிதான் 1941இல் ஒப்பந்தத்தை வென்றது. பின்னாளில் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டத் தொடங்கியதும் அந்த வில்லிஸ் வழி வந்த ஜீப்பைத்தான். அந்த வம்சத்தில் வந்த வண்டியை வாங்கிவிட்டு, மேலே இரும்புக் கேரியர், முன்னால் இரும்புத் தடுப்பு, பின்னால் இரும்பு ஏணி என்று மாட்டுகிறோம். ரூஸ் பார்த்தால் அழுதுவிடுவார்.

இப்போது ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். மணாலியிலிருந்து லே. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏறாமலே அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் அதற்கப்பால் பாராலாச்சா, நக்கீ, லாச்சுங், தங்லங் என்று கணவாய்கள் வரிசையாக நிற்கின்றன. தங்லங் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. நம் ஆனைமுடி 2,695 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆனைமுடியை வைத்த உயரம் கிட்டத்தட்ட.

வழியில் தாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்கு. 'அடுத்த பங்கு 365 கிலோமீட்டர்' என்று அங்கே பல ஆண்டுகளாக ஒரு பலகை நின்றது. ஊர் ஊராய்ப் பங்கு பார்த்துப் பழகிய நமக்கு அது வேடிக்கைப் பலகை. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். புதிய பங்குகள் வரலாம், எண் மாறலாம். ஆனால் வண்டி தேர்ந்தெடுக்க அந்தப் பலகையைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. அதை வைத்தே கணக்குப் போடுவோம்.

மாருதி ஜிம்னியின் டேங்க் 40 லிட்டர். நல்ல சாலையில் லிட்டருக்குப் பதினான்கு, பதினைந்து கொடுக்கும் வண்டி ஏற்றத்திலும் உடைந்த சாலையிலும் பத்துதான் கொடுக்கும் என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டர். 365 போய்விட்டது, கையில் மிச்சம் 35. ஆனால் அந்தப் பாதையில் மதியத்துக்குமேல் பனி உருகி ஓடைகள் பெருகும். காலையில் முழங்காலளவு இருந்தது மாலையில் இடுப்பளவு வரும். இருநூறு கிலோமீட்டர் போன பிறகு ஓடை மறித்துத் திரும்ப வேண்டியிருந்தால்? போன இருநூறு, வந்த இருநூறு, டேங்க் வறண்டுவிடும். ஆகவே ஒரு 20 லிட்டர் கேன் தேவை. பெட்ரோல் 15 கிலோ, நல்ல இரும்புக் கேன் நான்கு கிலோ. ஆகப் பத்தொன்பது.

இந்தப் பத்தொன்பது கிலோவை எங்கே எழுதுவது? ஜிம்னி வெறும் வண்டியாக ஏறத்தாழ 1,200 கிலோ. அனுமதித்த மொத்த எடை 1,545 கிலோ. இடையில் இருப்பது ஏறத்தாழ 340 கிலோ. அதுதான் உங்கள் சம்பளம். அதற்குள்தான் குடித்தனம் நடத்தவேண்டும். ஆளுக்கு 75 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 300 போயிற்று. கேன் பத்தொன்பது. மீதி இருபத்தொன்று. தலைக்கு ஐந்து கிலோ. மாற்றுச் சட்டையும் பல் துலக்கியும்தான் கொண்டுபோகலாம், தண்ணீர்கூடக் கொண்டுபோகமுடியாது. அதே வண்டியில் இரண்டு பேர் போனால்? கேன் போக 170 கிலோ கையில். கூடாரம், அடுப்பு, 20 லிட்டர் தண்ணீர், உடைகள், கருவிப் பெட்டி எல்லாம் போட்டும் மிஞ்சும். ஆக, ஜிம்னி நல்ல வண்டியா என்று கேட்காதீர்கள். இருவருக்கு அருமையான வண்டி. நால்வருக்கு அது நாள் வாடகைக்குப் போகும் வண்டி, நெடும்பயண வண்டி அல்ல.

எந்த வண்டிக்கும் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். உங்கள் ஆர்.சி.யிலேயே இரண்டு எடைகள் இருக்கின்றன: சுமையில்லா எடை, மொத்த எடை. பெரிய வண்டி என்றால் பெரிய பாரம் தாங்கும் என்று நினைப்பது பெரிய பிழை. பெரிய வண்டியின் உடம்பே கனம். ஏழு இருக்கை, கண்ணாடிக் கூரை, தோல் உறை எல்லாம் ஏற்கெனவே அந்தச் சம்பளத்தில் கடன் வாங்கிவிட்டவை. கடைக்காரர் பட்டியலில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த இரண்டு எடைகள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

உயரம் இதில் இன்னொரு கையை வைக்கிறது. தங்லங் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் மூச்சை மட்டும் நம்பி இழுப்பது. அங்கே அதன் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். நூறு குதிரை வாங்கிய வண்டியில் ஐம்பதுதான் ஏறுகிறது. டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அப்படியென்றால் டர்போ டீசல்தானா? அவசரப்படவேண்டாம். பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றுக்குப் புகை சுத்திகரிக்க யூரியாக் கரைசல் வேண்டும். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும். சாதாரண டீசலே கடுங்குளிரில் மெழுகுபோலக் கெட்டியாகும். அதற்காகவே 2019இல் இந்தியன் ஆயில், பூஜ்ஜியத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. கோடையில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பாதி வலுவோடு ஏறும் வண்டிக்குப் பாரத்தைக் குறைத்துக் கொடுத்தாலே பெரிய உபகாரம்.

சரி, நான்கு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன? சாதாரணமாக வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகவும் உருளவேண்டும். அதற்குத்தான் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல். அதன் குணம் ஒன்று: எது எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சக்தியைக் கொட்டும். ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ நின்றால் அது மட்டும் வீணாகச் சுழலும், இறுக்கமான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். உழைக்கிறவனுக்குக் கொடுக்காமல் ஊர் சுற்றுகிறவனுக்கே கொடுக்கும் தகப்பனைப்போல. ஆகவே ஃபோர் வீல் வண்டியே ஆனாலும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் தொங்கினால் நின்றுவிடும். அந்த இரண்டு பக்கத்தையும் பூட்டிச் சேர்த்துச் சுழற்றுவதுதான் டிஃப் லாக். ஃபோர்ஸ் குர்க்காவில் முன்னும் பின்னும் இரண்டுக்குமே அது கம்பெனியிலிருந்தே வருகிறது. மற்றப் பல வண்டிகளில் வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக்கே பிடித்து நிறுத்தி, மறுபக்கத்துக்குச் சக்தி போகச் செய்யும். பெரும்பாலான நெடும்பயணங்களுக்கு அதுவே போதும்.

நான் டிஃப் லாக்கைவிட முக்கியமாக நினைப்பது லோ கியரை. ஃபோர் லோ போட்டால் சக்கரம் சுற்றும் வேகம் பாதிக்கும் கீழே குறையும், இழுக்கும் வலு அந்த அளவுக்கு ஏறும். ஏறுவதற்கு மட்டுமா? இறங்குவதற்குத்தான் அதன் அருமை தெரியும். ஏனென்றால், ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம்: சாதாரணக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி சீக்கிரம் நிற்பதில்லை. 180 கிலோ கூடுதலாக ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் சூடேறிக் கருகும் வாடை வரும். லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டு நகர்ந்து நகர்ந்து இறங்கலாம். இன்னொன்று: பெரும்பாலான நம் ஊர் ஃபோர் வீல் வண்டிகள், வேண்டும்போது மட்டும் முன் அச்சைச் சேர்க்கும் வகை. காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருள நினைத்து, இடையில் மாட்டிய கியர்ப் பெட்டி முறுக்கிக்கொள்ளும். நல்ல சாலையில் கெத்துக்காகப் போட்டு, கெட்ட சாலை வரும்போது பெட்டி உடைந்து நிற்பது பலருக்கு நேர்ந்தது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் படத்தில் அழகு. மூவாயிரம் கிலோமீட்டர் தார்ச் சாலையில் காது புளிக்க இரைச்சலும் எண்ணெய்ச் செலவும். தேனியிலிருந்து லே வரை பெரும்பகுதி நல்ல சாலை. ஆகவே சேற்று டயருக்கும் சாலை டயருக்கும் நடுவிலான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) வகை டயரே போதும். டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. டயர் மாற்றும்போது அழகைப் பார்த்து வாங்கி இந்த எண்ணைக் குறைத்துவிடாதீர்கள். லடாக்கின் ஹுண்டர் மணல்மேடுபோன்ற இடங்களில் வண்டி புதைந்தால், 32 பவுண்டு காற்றை இறக்கி 18 ஆக்குங்கள். டயர் தட்டையாகி நீளமாகப் படுத்துக்கொள்ளும், வண்டி தானே வெளியே வரும். ஒட்டகத்தின் பாதம்போலத்தான். ஆனால் மறுபடி காற்றடிக்கச் சின்ன கம்ப்ரசர் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தட்டை டயரோடு கல் பாதையில் ஓடிப் பக்கச்சுவர் கிழியும். ஒரு கம்ப்ரசர், இரண்டு கிலோ. என் பட்டியலில் ஏறுவதற்கு முழு உரிமை உள்ள இரண்டு கிலோ.

இப்போது கேரியர். கூரைக்கென்று தனி எடை வரம்பு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளுக்கு அது நூறு கிலோவுக்கும் குறைவு. அதில் கேரியரின் சொந்தக் கனமும் சேர்த்தி. மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைத் தலைகனத்தவனாக்கும். சரிவில் வண்டி சாயும்போது அது தெரியும். மழைக்காலத்தில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சட்டமும் இருக்கிறது. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளை 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்று அறிவித்தது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே, வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே உங்களுக்குப் போதுமானதாக இருக்கும் வண்டியை வாங்குங்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான்கு பேர் போனோம்; நான், என் மச்சான், இரண்டு நண்பர்கள். வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். பாவம், அது ஒரு தவறும் செய்யவில்லை. மணாலி-லே பாதையில் சார்ச்சு தாண்டி கட்டா வளைவுகள் ஏறத் தொடங்குமுன் ஒரு சின்னப் பள்ளம். பெரிய அடியே இல்லை. ஆனால் பின்பக்கம் 'டங்'கென்று ஒரு சத்தம், வண்டி இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின் வில்பட்டையில் முதல் பட்டை முறிந்திருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மச்சான், "வண்டியே மட்டம், வேற வாங்கியிருக்கணும்" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் ஒரு சர்தார்ஜி. கீழே படுத்துப் பார்த்தார். என்ன மாடல், எந்த வருடம், எத்தனை குதிரைத்திறன், ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, கை மண்ணைத் தட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்த்து, இந்தியில் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறீர்கள்?" நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதுதான் உறைத்தது. லாரிக்காரருக்கு அந்த எண் தெரியாமல் ஒரு நாள்கூட ஓடாது. அச்சுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு மரத்துண்டை வைத்து, சங்கிலியால் இறுக்கிக் கட்டி, எங்கள் சாமானில் பாதியைத் தன் லாரியில் போட்டுக்கொண்டு லே வரை முன்னால் போனார். காசு கொடுத்தோம், டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான், ஊர் திரும்பியதும் சாமானை இறக்காமலே எடை மேடைக்குப் போனேன்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளியில் அதைப் படிக்கும்போது மயிலிறகை மட்டும் பார்த்தேன். கட்டா வளைவுக்குக் கீழே நின்றபோதுதான் அச்சைப் பார்த்தேன். சக்கரம் உடையும் என்று அவர் சொல்லவில்லை. மாடு விழும் என்று சொல்லவில்லை. பாரம் போய் உட்கார்கிற இடத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். வண்டிப் பட்டறை வாசலில் நின்று பேச்சுக் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

லே பட்டறையில் எங்களுக்கு வேறு பட்டை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காரணம், அது எங்கும் கிடைக்கும் பழைய வகை வில்பட்டை. இது தேர்வின் இரண்டாவது விதி: வழியில் இருக்கும் கடைசிப் பட்டறைக்குத் தெரிந்த வண்டியை வாங்குங்கள். லடாக்கில் மாருதி ஜிப்ஸியும் மஹிந்திரா வண்டிகளும் ராணுவத்தில் பல ஆண்டுகள் ஓடியதால் அவற்றின் உள்ளும் புறமும் அறிந்த கைகள் அங்கே இருக்கின்றன. விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டியில் ஒரு சென்சார் போனால், கோளாறைப் படிக்கும் கணினி சண்டிகரில் இருக்கும். உங்கள் வண்டி லே பாதையில் பாங் என்ற இடத்தில் நிற்கும்.

பழைய வண்டிதான் நல்லது என்று சொல்லவரவில்லை. ஆனால் குறைந்த வலுவில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு சாட்சி சொல்லவேண்டும். 1955 செப்டம்பர் 1ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் புறப்பட்டார்கள். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா, அசாமின் லேடோவிலிருந்து போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஸ்டில்வெல் சாலை வழியே பர்மா, பிறகு தாய்லாந்து, மலாயா. 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அந்த வண்டிகளின் எஞ்சின் 52 குதிரைத்திறன். இன்று நம் ஊர்ச் சின்னக் காருக்கே அதைவிட அதிகம். அவர்களிடம் இருந்தது வேறு: ஒருவர் மெக்கானிக், ஒருவர் வழி பார்ப்பவர், ஒருவர் சாமான் கணக்குக்கென்றே பொறுப்பாளர். சாமான் கணக்குக்கு ஓர் ஆளையே வைத்துக்கொண்டு போனவர்கள் உலகின் பாதியைக் கடந்தார்கள். ஒரு தணிக்கையாளனை வைத்துக்கொண்டு போன நாங்கள் சார்ச்சுவைத் தாண்டி உட்கார்ந்தோம். அந்த இரண்டில் ஒரு வண்டி பிற்பாடு தெற்கு அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்து, மீட்டுச் சீர்செய்து, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டிச் செல்லப்பட்டது. திறந்து பார்த்துப் பூட்டக்கூடிய வண்டிக்குத்தான் அந்த மறுபிறவி.

அப்படியானால் இன்று நம் நாட்டில் எதை வாங்கலாம்? பெயர் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். இருவர் என்றால் ஜிம்னி. கனம் குறைவு, பராமரிப்பு எளிது, எண்ணெய்க்கு ஒரு கேன் மட்டும் கூடுதல். இருவர், கொஞ்சம் வலுவும் வேண்டும் என்றால் மஹிந்திரா தார் டீசல். டேங்க் 57 லிட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம், லடாக் வரை பட்டறை உண்டு. ஆனால் மூன்று கதவுத் தாரில் சாமானுக்கு இடம் சிறிது. பின் இருக்கையை மடக்கினால்தான் பயண வண்டி. சாலை முடிந்த பிறகுதான் உங்கள் பயணமே தொடங்கும் என்றால் குர்க்கா. 700 மில்லிமீட்டர் தண்ணீர், இரண்டு டிஃப் லாக், காற்றிழுக்கும் குழல் எல்லாம் கம்பெனியே கொடுப்பது. தார்ச் சாலையில் சொகுசை எதிர்பார்க்கக்கூடாது. நால்வர், குடும்பம், நீண்ட நாள் என்றால் ஃபார்ச்சூனர் ரக வண்டி. 80 லிட்டர் டேங்க், தாண்டிப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகலாம். விலைதான் அழவைக்கும். இவை எல்லாமே சேஸி தனியாக, உடல் தனியாகக் கட்டியவை; அதனால்தான் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்து இரண்டு எடைகளைக் கழித்துப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு அம்மா கைதூக்குகிறார். "எதை விட்டுட்டுப் போறதுன்னு எப்படிங்க முடிவு பண்றது?" என்கிறார். நல்ல கேள்வி. முதல் பயணத்திலிருந்து வந்து சாமானை இறக்கும்போது நான் மூன்று குவியல் போட்டேன். தினமும் தொட்டவை, ஒருமுறை தொட்டவை, தொடாதவை. மூன்றாவது குவியல்தான் மலைபோல் நின்றது. அதில் முதலுதவிப் பெட்டியையும் கருவிப் பெட்டியையும் மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன்; அவற்றைத் தொடாமலே வந்தது எங்கள் நல்ல காலம். இரண்டாவது குவியலில் பாதியை விட்டேன். நால்வருக்கு நான்கு நாற்காலி எதற்கு, அந்த மலையில் கல்லுக்கா பஞ்சம்? வீட்டிலிருந்து அரிசி எதற்கு, கீலாங்கிலும் லேயிலும் கடை இருக்கிறது.

இரண்டாவது முறை ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு அதே வண்டியில் போனோம், இருவர் மட்டும். புறப்படும் அன்று காலை முழு டேங்க் போட்டு, எல்லாவற்றையும் ஏற்றி, நாங்களும் உட்கார்ந்து, அதே எடை மேடைக்கு ஓட்டினேன். வரம்புக்கு 90 கிலோ கீழே. சீட்டை வாங்கிக்கொண்டு வந்து மச்சானிடம் நீட்டினேன். அவர் 'சரக்கு' கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். எடை மேடைத் தம்பி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு 'காலி' என்று அடித்திருந்தார்.